நூரம்பேர்க்கிலிருந்து வந்த பலகாரப் பேணி

முதியோர் இருக்கும் வீட்டுக்கும் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கும் வெறுங்கையுடன் செல்லலாகாது என்பது நம்மவர் நெடுங்காலமாகப் போற்றிவரும் வழக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் புறப்படுகிறவர் பையிலே புழுக்கொடியலும் பனாட்டும் இல்லாமல் புறப்படுவதில்லை. கொழும்பிலிருந்து திரும்புகிறவர் கையிலே முந்திரிகைப் பழமாவது அப்பிளாவது இல்லாமல் படலையைத் திறப்பதில்லை. கோயில் திருவிழாவுக்குப் போனவர் ஒரு சரை கச்சான் கடலையேனும் வாங்கிவராவிட்டால் வீட்டுப் பிள்ளைகள் அவரைத் திருவிழாவுக்குப் போனவராகவே ஏற்றுக்கொள்வதில்லை. போன ஊரின் சுவை வீட்டுக்கு வந்து சேர்ந்தாலன்றிப் பயணம் நிறைவு பெறுவதில்லை என்பதே இவ்வழக்கத்தின் உட்பொருள் போலும்.

2023ஆம் ஆண்டு மார்கழி மாதத்திலே ஜேர்மனி நாட்டின் நூரம்பேர்க் நகரத்தில் எட்டு நாள்கள் தங்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. எமது தமக்கையார் 1986ஆம் ஆண்டில் நாட்டைவிட்டுப் போய், அந்நகரத்திலேயே வேரூன்றிவிட்டவர். முழங்காலிலே சத்திர சிகிச்சை நடந்தபின் நெடும்பயணம் அவருக்கு இயலாமற் போயிற்று. அன்னையாருக்கு வயது 84. அவருக்கும் அத்துணை தூரம் செல்வது இயலாத காரியம். ஆகவே இருவருக்கும் இடையே தூது செல்லும் பொறுப்பு எம்மீது விழுந்தது.

புறப்படும் நாளன்று, "அங்கிருந்து தங்களுக்கு என்ன வாங்கி வரட்டும்?" என்று அன்னையாரிடம் வினவினோம். அவர் சற்றுநேரம் எம்மைப் பார்த்தபின், "எனக்கு ஒண்டும் வேண்டாம். அவள் அங்கை என்ன சாப்பிடுறாள் எண்டு மட்டும் வடிவாய்ப் பார்த்துக்கொண்டு வா" என்றார்.

முப்பத்தேழு ஆண்டுகளாகத் தொலைபேசியிலே அவர் கேட்டுவரும் கேள்வி அது ஒன்றே. "எல்லாம் சாப்பிடுறன் அம்மா" என்பதே எப்போதும் வருகிற மறுமொழி. அம்மறுமொழியிலே அன்னையாருக்கு ஒருநாளும் நிறைவு ஏற்பட்டதில்லை.

சந்தையும் ஒரு சிறு மரப்பெட்டியும்

நூரம்பேர்க்கின் நடுவிலே, பிரதான சந்தைச் சதுக்கத்திலே, அன்னை மரியாளின் தேவாலயத்து முன்றிலில் நத்தார்ச் சந்தை கூடுகிறது. அதற்குக் குழந்தை இயேசுவின் சந்தை என்று பொருள்படும் பெயரை அவ்வூரார் வழங்குகின்றனர். நத்தாருக்கு முந்திய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிற்றுக்கு முன்வரும் வெள்ளிக்கிழமை மாலையிலே, பொன்னிறச் சுருள்முடியும் முடியணியும் தரித்த இளம்பெண் ஒருத்தி தேவாலயத்தின் மாடத்தில் நின்று வரவேற்புரை கூறச் சந்தை தொடங்கும். மார்கழி 24ஆந் திகதி அது நிறைவுறும். சிவப்பும் வெள்ளையுமாகக் கோடிட்ட துணிக்கூரை வேய்ந்த மரக்கடைகள் வரிசை வரிசையாக நிற்கும். மரத்தாலும் துணியாலும் ஆன சிற்றூர் என்று அவர்கள் தம் சந்தையைச் செல்லமாக அழைப்பதன் காரணம் அதனைக் கண்டதும் விளங்கிவிடும்.

நாம் சென்ற மாலையிலே குளிர் காதைக் கடித்தது. தமக்கையார் தமது கம்பளிச் சால்வையொன்றை எமது கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டார். ஒருபுறம் கறுவாவும் கராம்பும் இட்டுக் காய்ச்சிய திராட்சை மதுவின் ஆவி எழுகிறது. மற்றொருபுறம் விரல் நீளமேயான சிறிய இறைச்சிக் குழல்களைத் தணலிலே வாட்டி, வட்டப் பாணொன்றினுள் மும்மூன்றாக வைத்துக் கொடுக்கின்றனர். இன்னொரு கடையிலே உலர்ந்த பிளம்ஸ் பழங்களைக் கம்பியிற் கோத்துக் கையும் காலுமாக்கி, வாதுமைக் கொட்டையைத் தலையாக்கி, சட்டையும் தொப்பியும் அணிவித்த மனித உருவங்கள் கொலுவிருக்கின்றன. அவை பழத்தால் ஆனவையேனும் உண்பதற்குரியன அல்ல, அலங்காரத்துக்கே உரியன. இதனைத் தமக்கையார் முன்கூட்டியே சொல்லாதிருந்தால் எமது பல்லொன்றுக்குச் சேதம் விளைந்திருத்தல் கூடும்.

இச்சந்தையின் தொன்மைக்குச் சான்றாக இன்று எஞ்சியிருப்பது அரச சாசனமோ கல்வெட்டோ அன்று. மலர்கள் தீட்டப்பெற்ற சிறியதொரு நீள்வட்ட மரப்பெட்டியே அது. ஒரு பெண் மற்றொரு பெண்ணுக்கு இச்சந்தையை முன்னிட்டு அதனை அனுப்பினாள் என்ற குறிப்பும், 1628 என்ற ஆண்டும் அதன் அடியிலே எழுதப்பட்டுள்ளன. நகரத்திலுள்ள ஜேர்மானியத் தேசிய அருங்காட்சியகத்துக்கு அது சொந்தமானது. அந்தப் பெட்டியினுள்ளே என்ன இருந்திருக்கும்? வாங்கியவள் அதனைத் திறந்தபோது என்ன எண்ணியிருப்பாள்? அன்புப் பரிசு வைத்து அனுப்பிய பெட்டியொன்றே ஒரு சந்தையின் பிறப்புச் சான்றிதழாக நின்று நிலவுவது எமக்கு மிகவும் பொருத்தமாகவே தோன்றியது.

இன்னொன்றையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். நாம் கண்ட பழைய வீதிகளும் கோபுரங்களும் உண்மையில் அத்துணை பழையன அல்ல. 1945ஆம் ஆண்டு ஜனவரி 2ஆந் திகதி இரவு நிகழ்ந்த விமானக் குண்டுவீச்சிலே பழைய நகரின் பெரும்பகுதி தரைமட்டமாயிற்று. எஞ்சிய சுவர்களோடு சேர்த்துக் கல்மேற் கல் வைத்து மீண்டும் எழுப்பியதே இன்றைய நகரம். போரினால் நின்றுபோன சந்தை 1948இல் மீண்டும் கூடியது. இடிபாடுகளின் நடுவே மக்கள் முதலில் மீட்டெடுத்தவற்றுள் பலகாரக் கடையும் ஒன்று என்பதைக் கேட்டபோது, நம் ஊரிலே போர் ஓய்ந்த காலங்களில் திறந்த முதற் கடைகள் நினைவுக்கு வந்தன.

மாவு குறைந்த பலகாரம்

நூரம்பேர்க்கிலிருந்து திரும்புவோர் பெட்டியிலே தவறாது இடம்பெறும் பண்டம் 'லெப்கூகன்' என்பதாகும். தேனும் வாசனைச் சரக்குகளும் கொட்டைப் பருப்புகளும் சேர்த்துச் சுட்டெடுக்கும் வட்டப் பலகாரம் அது. கேக்கைப் போல உதிராது, பிஸ்கற்றைப் போல நொறுங்காது, மெத்தென்று கடிபடும். இந்நகரத்திலே லெப்கூகன் சுடுவோர் ஒருவரைப் பற்றிய எழுத்துச் சான்று 1395ஆம் ஆண்டிலேயே கிடைக்கிறது. 1643இல் அத்தொழிலாளர் தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்துக்கொண்டனர்.

இப்பலகாரம் இங்கே சிறந்ததற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது தேன். நகரைச் சூழ்ந்திருந்த பேரரசின் பெருங்காட்டிலே தேன் எடுப்போர் வழிவழியாக வாழ்ந்தனர். 1350ஆம் ஆண்டிலே நான்காம் கார்ல் மன்னர் அவர்களுக்குச் சிறப்புரிமைகள் வழங்கினார். சீனி என்பது செல்வருக்கும் அரிதாயிருந்த அக்காலத்தில் தேனே இனிப்புக்கு ஆதாரம். இரண்டாவது காரணம் நகரின் வாணிகம். அதனைச் சற்றுப் பின்னர்க் கூறுவோம்.

லெப்கூகனிலே பல தரங்கள் உண்டு. அவற்றுள் தலையாயது 'எலீசன்' என்னும் பெயர் பெற்றது. எலிசபெத் என்னும் பெயருடைய பலகாரத் தொழிலாளியின் மகளொருத்தியின் நினைவாக அப்பெயர் வந்ததென்று கதை சொல்லுவர். வாதுமை, பாதாம், ஹேசல் ஆகிய கொட்டைப் பருப்புகள் குறைந்தது நூற்றுக்கு 25 பங்கேனும் இருத்தல் வேண்டும். மாவு நூற்றுக்கு 10 பங்கிற்கு மேற்படலாகாது. இவ்விதி தவறினால் அப்பெயரை இடுதல் முறையன்று. மாவுக்கு இடமில்லாத கலவை கையில் ஒட்டும், தட்டிலும் ஒட்டும். ஆகவே தேவாலயங்களில் நற்கருணைக்கு வழங்கும் அப்பத்தைப் போன்ற மெல்லிய வெள்ளை வட்டத்தின்மேல் அதனை வைத்துச் சுடுகின்றனர். அவ்வட்டமும் உண்பதற்குரியதே, அதனை உரித்தெறிதல் அறியாமை.

கடையிலே மூன்று வகை காணலாம். ஒன்று மேற்பூச்சில்லாதது, ஒன்று சீனிப்பாகு பூசியது, ஒன்று சொக்கலேட் பூசியது. நகரின் எல்லைக்குள் செய்யப்பட்டவற்றுக்கு மாத்திரமே நூரம்பேர்க் லெப்கூகன் என்னும் பெயர் உரியது என ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 1996 முதல் காப்பளிக்கிறது. வாங்க விரும்புவோர் பேணியின் அழகை நோக்குமுன் அதன் பின்புறத்து எழுத்தை நோக்குதல் நன்று. பருப்பின் பெயர் முதலிலும் மாவின் பெயர் பின்னரும் வருமாயின் அஞ்சாமல் வாங்கலாம்.

கடலைக் கடந்த வாசனை

இனி வாணிகத்துக்கு வருவோம். பலகாரத்திலே ஏழு சரக்கு என்பாரும் ஒன்பது சரக்கு என்பாரும் உளர். கறுவா, கராம்பு, ஏலம், சாதிக்காய், வசுவாசி, இஞ்சி, மல்லி முதலியன அவற்றுள் அடங்கும். இவற்றுட் பெரும்பாலானவை ஐரோப்பிய மண்ணிலே விளைவன அல்ல. பனி உறைந்த நாட்டிலே நூற்றாண்டுகளுக்கு முன் இவை எவ்வாறு வந்து சேர்ந்தன?

வெனிஸ் நகரத்து வாணிகரிடம் கொள்முதல் செய்து, மலைகளைக் கடந்து நூரம்பேர்க் வணிகர் இவற்றைக் கொண்டுவந்தனர். வடக்கும் தெற்கும் கிழக்கும் மேற்கும் செல்லும் பாதைகள் கூடும் இடத்திலே நகரம் அமைந்திருந்தமையால் சரக்குகள் அங்கே குவிந்தன. இன்று எஞ்சியுள்ள உலக உருண்டைகளுள் மிகப் பழையது இந்நகரத்திலே 1492இல் மார்ட்டின் பெஹைம் என்பவரின் வழிகாட்டலில் ஆக்கப்பட்டது. வாசனைச் சரக்குகள் கிழக்குத் தீவுகளிலிருந்து ஐரோப்பியர் கைக்கு வருமுன் எத்தனைபேர் கைமாறுகின்றன, ஆங்காங்கே எவ்வாறு சுங்கம் ஏறுகிறது என்னும் செய்தியை அதன்மீதே எழுதி வைத்திருக்கின்றனர். அந்தக் கைமாற்றத்திலே இலங்கையின் பெயரும் வருகிறது.

பின்னர் போர்த்துக்கேயர் கடல்வழி கண்டனர். 1505ஆம் ஆண்டிலே பிரான்சிஸ்கோ த அல்மெய்தாவின் தலைமையில் லிஸ்பனிலிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்ட கப்பற்படையிலே மூன்று கப்பல்கள் ஜேர்மானிய, இத்தாலிய வணிகரின் பொருளுதவியால் சென்றவை. முதலிட்டோருள் நூரம்பேர்க்கின் இம்ஹொஃப், ஹிர்ஷ்ஃபோகல் குடும்பத்தாரும் இருந்தனர். 1505 என்ற ஆண்டைக் கேட்டதும் இலங்கையிற் பள்ளிக்கூடம் சென்ற எவருக்கும் செவி நிமிரும். காற்றினால் திசைமாறி நமது கரையை அடைந்தார் என்று பாடப்புத்தகத்திலே நாம் படித்த லொறென்சோ த அல்மெய்தா, அந்தத் தலைவரின் மைந்தரே. அவ்வணிகரின் கப்பல்களே இங்கு வந்தன என்று நாம் சொல்லவில்லை. அந்தப் பயணத்தின் செலவிலே இந்தப் பலகார நகரத்துப் பணமும் கலந்திருந்தது என்பதே நாம் சொல்லவருவது. அதன்பின் நமது கறுவாவுக்காகப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் இங்கே ஆண்ட கதையை நேயர்கள் அறிவர்.

கறுவாவைப் பற்றி இல்லத்தரசிகள் அறிந்திருக்கத்தக்க செய்தி இன்னொன்றும் உண்டு. உலகச் சந்தையிலே கறுவா என்ற பெயரால் விற்பனையாவதிற் பெரும்பகுதி 'கசியா' எனப்படும் வேறொரு மரத்தின் பட்டை. அது தடித்தது, ஒற்றைச் சுருளாக இருக்கும். நமது கறுவாவோ தாள்போல மெல்லிய பட்டைகள் பல ஒன்றினுள் ஒன்று செருகிச் சுருண்டிருக்கும். விரலால் நெரித்தாலே நொறுங்கும். கசியாவிலே 'கூமரின்' என்னும் பொருள் மிகுதியாக உண்டு. அளவுக்கு மீறி நாள்தோறும் உட்கொண்டால் சிலருக்கு அது ஈரலைத் தாக்கவல்லது. 2006ஆம் ஆண்டிலே ஜேர்மன் அரசின் உணவு ஆபத்து மதிப்பீட்டு நிறுவனம் நத்தார்ப் பலகாரங்களைப் பற்றி இவ்வெச்சரிக்கையை விடுத்தது. கறுவாவை மிகுதியாக உண்போர் இலங்கைக் கறுவாவை நாடுதல் நலம் என்பதும் அதனால் மக்களுக்குத் தெரியவந்தது. ஏனெனில் நமது கறுவாவிலே கூமரின் மிக மிகக் குறைவு. பின்னர், பண்டிகைக்காலக் கறுவாப் பலகாரங்களிலே ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அப்பொருள் இருத்தலாகாது என்று 2008இல் ஐரோப்பிய ஒன்றியம் விதி வகுத்தது. 2022ஆம் ஆண்டிலே இலங்கைக் கறுவா என்னும் பெயரும், நூரம்பேர்க் லெப்கூகனைப் போலவே, ஒன்றியத்தின் காப்புப் பெற்ற பெயர்ப் பட்டியலில் ஏறியது. ஒரே பேணிக்குள் கூடும் இரண்டு பொருள்களுக்கு ஒரே ஏட்டிலே இடம் கிடைத்தது பொருத்தமே அன்றோ?

உடைந்த துண்டுகள்

சந்தையைச் சுற்றிவந்தபின் தமக்கையார் எம்மை ஒரு பக்கத் தெருவிலுள்ள சிறிய பலகாரக் கடைக்கு அழைத்துச் சென்றார். கடைக்காரப் பெண்மணி அவரைக் கண்டதும், கேளாமலே தட்டின் கீழிருந்து ஒரு சாதாரணக் காகிதப் பையை எடுத்து நீட்டினார். பையினுள் எட்டிப் பார்த்தோம். உள்ளே இருந்தவை அத்தனையும் உடைந்த லெப்கூகன் துண்டுகள். சுடும்போதும் அடுக்கும்போதும் உடைபடுவனவற்றை இவ்வாறு சேர்த்துக் குறைந்த விலைக்கு விற்பது அங்கே வழக்கம்.

"இது யாருக்கு அக்கா?" என்றோம்.

"எனக்குத்தான். வந்த காலம் தொட்டு இதைத்தான் வாங்குறனான். உடைஞ்சாப்போலை ருசி குறைஞ்சு போகுமே, தம்பி?" என்று சிரித்தார்.

நாம் வாய்மூடி நின்றோம். காரணம் இதுவே. ஆண்டுதோறும் தைப்பொங்கலுக்கு முன்னர் எமது வீட்டுக்குத் தபாலிலே ஒரு தகரப்பேணி வந்து சேரும். நகரத்தின் கோட்டையும் கோபுரங்களும் வண்ணத்திலே தீட்டப்பட்ட பேணி. உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய, விளிம்பிலே ஒரு கீறலும் இல்லாத முழு வட்டங்கள். போர்க்காலத்திலே தபால் வராதிருந்த ஆண்டுகளிலும் கொழும்பிலுள்ள உறவினர் வீட்டிலே அப்பேணிகள் எமக்காகக் காத்திருந்தன. ஒழுங்காக அடுக்கிய அவ்வட்டங்களை உண்டு, 'அக்கா நல்லாய் இருக்கிறா' என்று நாம் மகிழ்ந்திருந்த காலமெல்லாம், அவர் முதலில் மருத்துவமனைச் சலவைக்கூடத்திலும் பின்னர் முதியோர் இல்லத்துச் சமையற்கூடத்திலும் உழைத்து, உடைந்ததைத் தமக்கு வாங்கிக்கொண்டு, முழுதானதை எமக்கு அனுப்பியிருக்கிறார்.

பிள்ளைகள் வளர்ந்து உத்தியோகம் பார்க்கும் இந்நாளிலும் அவர் வாங்குவது அதே பைதான். அது வறுமை அன்று; பழகிப்போன ஒரு முறை. ஆயினும் அன்னையாரின் கேள்விக்குரிய விடையை அந்தக் காகிதப் பையிலே கண்டுவிட்டோம் என்பது எமக்குத் தெரிந்தது. அதை எவ்வாறு ஊருக்குக் கொண்டு செல்வது என்பதே தெரியவில்லை.

அன்று நாம் மூன்று பேணிகள் வாங்கினோம். கடைசியிலே, தமக்கையார் வேறுபுறம் திரும்பியிருந்த வேளையில், கடைக்காரப் பெண்மணியிடம் சைகை காட்டி உடைந்த துண்டுப் பையும் ஒன்று வாங்கிக்கொண்டோம். மேற்பூச்சில்லாத துண்டுகள் கொண்ட பை அது. இலங்கைக் கறுவா சேர்த்தது என்ற குறிப்பு அதன்மீது இருந்தது.

பெட்டி கட்டும் கலை

உணவுப் பண்டத்தைக் குளிர் நாட்டிலிருந்து வெப்ப நாட்டுக்குக் கொண்டுவருவது ஒரு கலை. அதனை நாம் கற்றது பெரும்பாலும் தவறு செய்தேயாம். நேயர்களுக்குப் பயன்படுமென்பதால் சில சொல்லுவோம்.

தேன், பழப்பாகு, போத்தலில் அடைத்த வாசனை மது ஆகியன விமான நிலையத்தாரின் கண்ணுக்கு நீர்ப்பொருள்களே. 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட போத்தலைக் கைப்பையில் வைத்தால் பரிசோதனை வாயிலிலே அதனிடம் விடைபெற நேரலாம். நாம் காட்டுத் தேன் போத்தலொன்றை அவ்வாறு இழக்கவிருந்தோம். தமக்கையாரின் மைந்தர் அதனைக் கண்டு, இரண்டு காலுறைக்குள் நுழைத்துப் பெரிய பெட்டியின் நடுவே துணிகளுக்கிடையில் வைத்துக் காப்பாற்றினார்.

இறைச்சிப் பண்டங்களை ஆசைப்பட்டு எடுத்துவருதல் வேண்டாம். விலங்குணவுப் பொருள்களுக்கு முன்னனுமதி முதலிய கட்டுப்பாடுகள் உண்டு. வழியிலே கெட்டுப்போகும் அபாயமும் உண்டு. அந்தச் சிறிய இறைச்சிக் குழல்களை அவ்விடத்திலேயே, தணலின் அருகே நின்று, கைகள் விறைக்க விறைக்க உண்பதே அவற்றுக்குச் செய்யும் மரியாதை.

சொக்கலேட் பூசியதை வெப்ப நாட்டுக்கு எடுத்துவருவோர் எமது கதையைக் கேளுங்கள். மூன்று பேணிகளுள் ஒன்று அவ்வகை. கட்டுநாயக்காவிலே இறங்கியபோது அது செம்மையாகவே இருந்தது. யாழ்ப்பாணம் செல்லும் பஸ் வண்டியிலே, சாமான் அறைக்குள், இயந்திரச் சூட்டிலே ஓர் இரவு கிடந்தபின் திறந்து பார்த்தால், பன்னிரண்டு பலகாரமும் ஒரே பலகாரமாயிருந்தன. பிள்ளைகள் கரண்டியால் தோண்டி உண்டனர். அவர்களிடமிருந்து ஒரு முறைப்பாடும் எழவில்லை. ஆயினும் மேற்பூச்சில்லாததும் சீனிப்பாகு பூசியதுமே நமது காலநிலைக்கு ஏற்றவை.

அங்கே லெப்கூகன் உலர்ந்துபோகாதிருக்கப் பேணிக்குள் அப்பிள் துண்டொன்றை வைப்பர். இங்கே அதனைச் செய்தல் வேண்டாம். நமது காற்றின் ஈரமே போதும், பழத்துண்டு பூஞ்சணம் பிடிக்கும். இங்கே வேண்டுவது இறுக மூடிய மூடியும், எறும்புக்கு அரணாகத் தண்ணீர் ஊற்றிய தட்டுமேயாம்.

இவை யாவற்றுக்கும் மேலாக ஒன்று. விலையுயர்ந்ததை வாங்குவதா, பெரியதை வாங்குவதா என்று கடையிலே மயங்கி நிற்பவர், வீட்டிலே அதனை உண்ணப்போகும் வாயை ஒருகணம் நினைத்துக்கொள்வாராக. பல்லில்லாத வாய்க்குக் கடினமான பண்டமும், நீரிழிவு உள்ளவருக்குச் சீனிப்பாகு பூசிய பண்டமும் பரிசாகா.

அன்னையாரின் தீர்ப்பு

வீடு வந்து சேர்ந்த அன்று மாலை, திண்ணையிலே அன்னையாரின் அருகில் அமர்ந்தோம். பேணியை முதலில் நீட்டினோம். மூடியிலிருந்த கோபுரங்களை விரலால் தடவிப் பார்த்து, "இது வருஷா வருஷம் வாறதுதானே" என்று அப்பால் வைத்துவிட்டார். பின்னர், "நான் கேட்டதுக்கு மறுமொழி சொல்லு. என்ன சாப்பிடுறாள்?" என்றார்.

சோறும் கறியும் சமைக்கிறார், முருங்கைக்காய் வாங்கத் தமிழ்க் கடைக்குப் போகிறார், நம்முடைய கறித்தூளைப் பழைய லெப்கூகன் பேணியிலே போட்டு வைத்திருக்கிறார் என்றெல்லாம் கண்டதைக் கண்டபடியே சொன்னோம். எல்லாவற்றையும் கேட்டபின்னும் அவர் எமது முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தாய்க்கு ஒளிப்பது எளிதன்று. காகிதப் பையை எடுத்து அவர் மடியில் வைத்தோம்.

அவர் ஒரு சிறு துண்டை எடுத்து முகர்ந்தார். "எங்கட கறுவா வாசமெல்லோ!" என்றார். வாயில் இட்டு நெடுநேரம் ஊறவைத்து உண்டார். மருத்துவர் அனுமதித்த அளவு அதுவே ஆகையால் இரண்டாவது துண்டை அவர் எடுக்கவில்லை. பைக்குள் நோக்கினார்.

"எல்லாம் உடைஞ்சிருக்கு. வழியிலை உடைஞ்சதோ?"

"இல்லை அம்மா. உடைஞ்சதாய்த்தான் விக்கிறது. அக்கா தனக்கு வாங்குறது இதுதான். முழுசு எங்களுக்கு அனுப்புறவ."

திண்ணையிலே சற்றுநேரம் பேச்சில்லை. அவர் அழுவார் என்று எதிர்பார்த்தோம். அழவில்லை. தலையை மெல்ல அசைத்து, "கிழிஞ்ச தோசையை நான் தின்னுட்டு, முழுத் தோசையை உங்களுக்குப் போடுறனான். அடுப்படியிலை எனக்குப் பக்கத்திலை இருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள் அவள்தானே" என்றார்.

முப்பத்தேழு ஆண்டுகள் கேட்டுவந்த கேள்வியை அன்றிரவு தொலைபேசியிலே அவர் கேட்கவில்லை. "நீ தின்னுறதை நானும் திண்டனான்" என்று மட்டும் சொன்னார். மறுமுனையிலே தமக்கையார் என்ன சொன்னார் என்பதை நாம் கேட்டறியவில்லை. அது அவர்கள் இருவருக்கும் உரியது.

பேணிகள் ஒரு மாதத்திலே தீர்ந்தன. ஒன்றைக் கழுவித் துடைத்து வெயிலிலே காயவைத்துக்கொண்டிருந்த அன்னையாரிடம், அதிலே என்ன போட்டுவைக்கப் போகிறீர்கள் என்று வினவினோம். அவர் எம்மை ஏற இறங்கப் பார்த்தார். பலகாரம் வந்த ஏனத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே இல்லை என்பதை இந்த வயதிலும் எமக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறதே என்பது அப்பார்வையின் பொருள்.

இப்பொழுது அந்தப் பேணிக்குள்ளே பனாட்டுத் தட்டுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றேனும் விளிம்பு சிதையாதவாறு அன்னையார் தம் கையாலேயே வெட்டி அடுக்கியவை. வெட்டும்போது உடைந்த துண்டுகளை அவர் தமக்கென ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்திருக்கிறார்.